கொங்கு நாட்டு உருவாரங்களும் கொலுப் பொம்மைகளும்

கொங்கு நாட்டில் சிறு மண் உருவங்கள் செய்யும் கலை இரண்டு வழக்கங்களைச் சார்ந்து வளர்ந்தது. ஒன்று, நேர்த்திக்கடனாகக் கோயிலில் கொண்டுபோய் வைக்கும் உருவாரம். மற்றொன்று, நவராத்திரியில் வீட்டுப் படிகளில் அடுக்கும் கொலுப் பொம்மை. மண்ணில் செய்யும்போது இரண்டுக்கும் மூலப்பொருள் குளத்து மண்தான். ஆனால் உருவாரம் ஒரே ஒருமுறை வண்ணம் பெறும். பிறகு கோயில் வெளியில் வெயிலுக்கும் மழைக்கும் விடப்படும். கொலுப் பொம்மை பெட்டியில் பத்திரப்படுத்தப்பட்டு ஆண்டுதோறும் வெளியே வரும். நிறம் மங்கினால் மறுபடியும் பூசப்படும், கை ஒடிந்தால் ஒட்டப்படும், சில சமயம் வேறொரு உருவமாகவே மாற்றப்படும். கோவையிலும் சுற்று வட்டாரத்திலும் இன்று பலர் பொழுதுபோக்காகச் செய்துவரும் பொம்மை வண்ணமிடலும் காட்சி அமைப்பும் இந்த இரண்டாவது வழக்கத்திலிருந்து வந்தவை. அதற்கான கைப்பக்குவம் மட்டும் முதல் வழக்கத்தோடு உறவுடையது.

தொன்மை

இப்பகுதியில் கிடைத்த பழமையான சிறு உருவங்களுள் பெயர்பெற்றவை நீலகிரிக் கல்வட்டங்களிலிருந்து எடுக்கப்பட்டவை. 1868 வரை கோயம்புத்தூர் மாவட்டத்தோடு இணைந்திருந்த நீலகிரி, அவ்வாண்டில் தனியாகப் பிரிந்தது. அதன் ஆணையராக இருந்த ஜேம்ஸ் வில்கின்சன் பிரீக்ஸ், மலை உச்சிகளில் இருந்த கற்குவைகளைத் தோண்டிப் பார்த்தார். அவர் எழுதிய நூல், அவர் இறந்தபின் 1873இல் வெளிவந்தது. அந்தக் குவைகளில் உயரமான மண்தாழிகள் கிடைத்தன. தாழிகளின் மூடிமேல் எருமை, ஆடு, யானை, பறவை, குதிரைமேல் அமர்ந்த வீரன், பெண் என விரல் நீளம் முதல் கையகலம் வரையிலான உருவங்கள் நின்றன. வளைந்த கொம்பை மிகைப்படுத்திக் காட்டிய எருமைகளே அவற்றுள் மிகுதி. கண்ணுக்கு மண் உருண்டையை அப்பி, உடலில் குச்சியால் கோடும் புள்ளியும் இட்டிருக்கிறார்கள். ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டு பழமையுடைய இவை, சென்னை அருங்காட்சியகத்திலும் லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திலும் உள்ளன. நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் 1901இல் வெளியிட்ட சென்னை அருங்காட்சியகத் தொல்பொருள் பட்டியலிலும் இவை இடம்பெற்றுள்ளன.

நொய்யல் கரையில் உள்ள கொடுமணலில் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1985 முதல் அகழாய்வு நடத்தியது. மணிகள் செய்யும் தொழிற்கூடங்களோடு, ஒரு கல்லறையிலிருந்து செம்பாலான சிறு புலி உருவமும் வெளிவந்தது. அதன் உடலில் சூதுபவளமும் நீலக்கல்லும் பதிக்கப்பட்டிருந்தன. உருவத்தை ஒரு பொருளில் செய்து, அதன் நிறத்தை வேறொரு பொருளால் கொடுக்கும் உத்தி அன்றே இங்கு தெரிந்திருந்தது. தருமபுரி மாவட்டம் மோதூரில் தமிழ்நாடு தொல்லியல் துறை 2004-05இல் நடத்திய அகழாய்வில் புதிய கற்காலத்தைச் சேர்ந்த சுடுமண் உருவங்கள் கிடைத்தன.

கால்நடையும் உருவாரமும்

கொங்கு நாடு மழை குறைந்த மேட்டு நிலம். கிணற்றுப் பாசனமும் மானாவாரிப் பயிரும் மேய்ச்சல் காடும் சேர்ந்ததே அதன் வேளாண்மை. கிணற்று நீரை மாடு பூட்டிக் கவலையால் இறைக்கவும் ஏர் பூட்டவும் வண்டி இழுக்கவும் காளை வேண்டும். காங்கயம் இனத்தின் பெயரை நாடெங்கும் அறியச் செய்தவர்கள் பழையகோட்டைப் பட்டக்காரர்கள். வேலி போட்டுக் கொழுக்கட்டைப் புல் வளர்த்த மேய்ச்சல் காடுகளும், கண்ணபுரம், அந்தியூர் போன்ற ஊர்களின் திருவிழாச் சந்தைகளும் அந்த மாட்டுப் பொருளாதாரத்தின் தூண்கள். மாடுகளைக் கொல்லும் வெக்கை நோய் வந்தால் ஒரே பருவத்தில் பட்டியே காலியாகிவிடும். தடுப்பூசி பரவுவதற்கு முந்தைய காலத்தில் குடியானவர் பெரிதும் நம்பிய பாதுகாப்பு தெய்வத்திடம் செய்யும் நேர்ச்சை. உலகிலிருந்தே அந்நோய் ஒழிந்ததாக 2011இல் அறிவிக்கப்பட்டது. நேர்ச்சை வழக்கமோ இன்னும் நிற்கிறது.

மாடு நோயிலிருந்து மீண்டால், சினை பிடித்தால், காணாமல் போனது திரும்பினால், மண்ணால் ஒரு மாட்டுருவம் செய்து கோயிலில் வைப்பதாக வேண்டிக்கொள்வார்கள். மாடும் கன்றும் மட்டுமின்றி ஆடு, நாய், கோழி உருவங்களும் வைக்கப்படுகின்றன. குழந்தைப்பேறு வேண்டுவோர் பிள்ளை உருவத்தையும், நோய் தீர வேண்டுவோர் ஆண், பெண் உருவங்களையும் வைப்பதுண்டு. கை, கால், கண் நோய்க்கு அந்த உறுப்பின் வடிவத்தை மட்டும் செலுத்துவதும் வழக்கம்.

உருவார வழிபாட்டுக்குப் பெயர்போனது உடுமலைப்பேட்டையை அடுத்த சோமவாரப்பட்டியில் உள்ள ஆல்கொண்டமால் கோயில். இக்கோயிலின் தெய்வம் கால்நடைகளின் காவலனாகக் கருதப்படுகிறது. தைப் பொங்கலை ஒட்டி இங்கே மூன்று நாள் திருவிழா நடக்கும். சுற்றுவட்டார ஊர்களிலிருந்து மக்கள் கறந்த பாலை அபிஷேகத்துக்குக் கொண்டுவருவார்கள். உருவாரம் வாங்கி வைத்து வழிபடுவார்கள். விழா முடியும்போது கோயில் வளாகத்தில் மண் மாடுகளும் கன்றுகளும் குவியலாகக் கிடக்கும். பொங்கல் நாளில் பிறக்கும் காளைக் கன்றை இக்கோயிலுக்கு நேர்ந்துவிட்டுச் சலகெருதாக வளர்ப்பதும், உருமி முழக்கத்துக்கு அதை ஆடப் பழக்குவதும் இவ்வட்டாரத்து மரபு. உயிருள்ள கன்றை விடுவோர் சிலர்; மண் கன்றை வைப்போர் பலர்.

அதே நாட்களில் தோட்டங்களில் பட்டிப் பொங்கல் நடக்கும். மாட்டுப் பட்டிக்குள் சாணத்தாலும் மண்ணாலும் சிறிய தெப்பக்குளம் கட்டி, நீர் நிரப்பி, அதைச் சுற்றிப் பூவும் கரும்பும் வைத்துப் பூசை செய்தபின் மாட்டை அதன்மேல் நடத்துவார்கள். பெரியதைச் சிறிதாக்கிச் செய்து, பயன் முடிந்ததும் அழியவிடும் உருவார மரபின் அதே போக்கு இதிலும் உண்டு.

மண்ணும் சூளையும்

உருவாரம் செய்வோர் கொங்கு நாட்டில் மண்ணுடையார், குலாலர் எனப்படும் குயவர். சோமவாரப்பட்டிக்கு அருகில் உள்ள பூளவாடி, உருவாரம் செய்யும் ஊராக அறியப்பட்டது. மார்கழி மாதம் முழுவதும் அங்கே அதே வேலைதான். ஆண்டின் மற்ற நாட்களில் பானை, சட்டி, அடுப்பு, கார்த்திகை விளக்கு. கொங்குத் திருமணத்தில் வைக்கும் அரசாணிப் பானைகளுக்குச் சுண்ணாம்பு பூசிக் காவியிட்டுக் கொண்டுவருவதும் இவர்கள் பொறுப்பு. ஆகவே வனைவதும் சுடுவதும் மட்டுமின்றி, சுட்ட மண்மேல் நிறம் ஏற்றுவதும் இவர்கள் தொழிலின் பகுதியாகவே இருந்தது.

உடுமலை, பல்லடம் பக்கத்துக் கரிசல் மண் நீரை மிகுதியாக உறிஞ்சும். காயும்போது சுருங்கி வெடிக்கும். எனவே குளத்து வண்டலோடு செம்மண்ணும் மணலும் சேர்க்கப்படுகின்றன. கல்லும் வேரும் நீக்கிய மண்ணை ஊறவைத்து, காலால் மிதித்து, கையால் பிசைந்து பதப்படுத்துவார்கள். பெரிய உருவங்களுக்கு உமி அல்லது நறுக்கிய வைக்கோல் கலப்பார்கள். அது சூளையில் எரிந்துபோகும்போது உண்டாகும் நுண்துளைகள் நீராவி வெளியேற வழிவிடும்.

சாண் அளவுள்ள மாட்டுருவம் சக்கரமின்றிக் கையாலேயே பிடிக்கப்படுகிறது. உடல் ஓர் உருளை. கால் நான்கும் தனித்தனியாக உருட்டி ஒட்டப்படும். திமில், கொம்பு, காது, தாடை பிறகு சேர்க்கப்படும். காங்கயம் காளைக்கு உரிய உயர்ந்த திமிலும் பின்னோக்கி வளைந்த கொம்பும் உருவாரத்தில் தவறாமல் இருக்கும். மற்ற உறுப்புகள் சுருக்கமாகவே காட்டப்படும். முழங்கால் உயரத்துக்கு மேற்பட்ட உருவங்களுக்குக் காலையும் உடலையும் சக்கரத்தில் வெறுங்குழாயாக வனைந்து, ஈரம் சற்று வற்றியதும் பொருத்துவார்கள். கெட்டியான மண் கட்டி சூளையில் வெடித்துவிடும் என்பதால் உட்கூடும் காற்றுத் துளையும் இன்றியமையாதவை. நிழலில் பல நாள் உலர்ந்த உருவங்களை அடுக்கி, வறட்டி, விறகு, தென்னை மட்டை, வைக்கோல் கொண்டு மூடி, மேலே மண் பூசிச் சுடுவார்கள். காற்று நன்றாகப் புகுந்தால் உருவம் செந்நிறமாகும். புகை அடைத்தால் கறுப்பாகும்.

உருவாரத்தின் வண்ணம்

சுட்ட உருவத்துக்கு முதலில் சுண்ணாம்பு அடிப்பது வழக்கம். செம்மண் நிறத்தின்மேல் நேராகப் பூசினால் மஞ்சளும் நீலமும் மங்கிப்போகும். வெள்ளைத் தளத்தின்மேல் பூசினால் எடுப்பாகத் தெரியும். அந்த வெள்ளைமேல் காவி, மஞ்சள், நீலம், கரி ஆகியவற்றால் புள்ளியும் கோடும் இடப்படும். கழுத்தில் மணிக்கயிறு, நெற்றியில் பொட்டு, கொம்பு நுனியில் நிறம், முதுகில் வட்டங்கள் எனப் பொங்கலன்று உயிருள்ள மாட்டுக்குச் செய்யும் அலங்காரமே மண் மாட்டுக்கும். தூள் வண்ணத்தை வச்சிரப் பசையில் கலந்து பூசிய காலத்தில் ஓரிரு மழையிலேயே நிறம் கழுவிப்போகும். அதைக் குறையாக எவரும் கருதவில்லை. உருவாரம் கோயிலுக்குச் சென்று சேர்ந்ததும் நேர்ச்சை நிறைவேறிவிட்டது. அதன்பின் அதைப் பழுதுபார்ப்பதோ மீண்டும் பூசுவதோ கிடையாது. அடுத்த நேர்ச்சைக்கு அடுத்த உருவம்.

கண் மட்டும் தனிக் கவனம் பெற்றது. தெய்வ உருவங்களுக்கும் காவல் குதிரைகளுக்கும் கண்ணை இறுதியாகத்தான் எழுதுவார்கள். பூசை செய்து, கண்மணியைத் தீட்டும் இச்சடங்குக்குக் கண் திறப்பு என்று பெயர். அதுவரை அது குயவரின் பண்டம். அதன்பின் ஊருக்கு உரிய தெய்வம். கண்ணைக் கடைசியில் எழுதும் ஒழுங்கு, சடங்கு நீங்கிய பின்னும் பொம்மைத் தொழிலில் தொடர்ந்து வந்தது.

மண்ணிலிருந்து சிமெண்டுக்கு

கருப்பணசாமி, முனியப்பன், அய்யனார் கோயில்களில் குதிரையும் யானையும் வீரர்களும் வரிசையாக நிற்பது தமிழ்நாடு முழுதும் உள்ள காட்சி. கொங்கு நாட்டில் இவற்றோடு அண்ணன்மார் கோயில்களும் சேரும். பொன்னர், சங்கர் என்னும் சகோதரர்கள், அவர்கள் தங்கை, தளபதி சாம்புகன், காட்டுப்பன்றி என அண்ணன்மார் கதை மாந்தர் பலருக்கும் அக்கோயில்களில் உருவம் உண்டு. கனடாவைச் சேர்ந்த மானிடவியலாளர் பிரெண்டா பெக், 1960களின் நடுவில் காங்கயம் அருகே ஓலப்பாளையத்தில் தங்கி ஆய்வு செய்தபோது இக்கதையை உடுக்கடிப் பாடகர்களிடமிருந்து ஒலிப்பதிவு செய்தார். கொங்குக் குடியானவர் சமூகம் குறித்த அவருடைய நூல் 1972இல் வந்தது. அண்ணன்மார் கதையை ஆராயும் நூல் 1982இல் வந்தது. நாள்கணக்கில் பாடப்படும் அந்தக் கதையின் காட்சிகளைக் கோயில் உருவங்கள் நிலையாக நிறுத்திக் காட்டுகின்றன.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் இவற்றுள் பெரும்பாலானவை செங்கல், கம்பி, சிமெண்டு கொண்டு புதிதாகக் கட்டப்பட்டன. சுண்ணாம்பும் காவியும் போய் எனாமல் வண்ணம் வந்தது. இந்த மாற்றத்தால் பெரிய உருவம் குயவரிடமிருந்து கொத்தனாரிடமும் கோயில் சிற்ப வேலையாளிடமும் சென்றது. குடமுழுக்குத்தோறும் மீண்டும் வண்ணம் பூசுவது வழக்கமாயிற்று. குயவரிடம் எஞ்சியது சிறிய உருவாரமும், விநாயகர் சதுர்த்திப் பிள்ளையாரும், கொலுப் பொம்மையும்.

கொலுவின் வரவு

நவராத்திரி அரச விழாவாக ஓங்கியது விஜயநகரத்தில். போர்த்துகீசியப் பயணி டொமிங்கோ பயஸ் 1520ஐ ஒட்டிய ஆண்டுகளில் அங்கு கண்ட ஒன்பது நாள் விழாவை விரிவாக எழுதியுள்ளார். விஜயநகரம் வீழ்ந்தபின் அதன் கீழிருந்த அரசுகள் அவ்விழாவைத் தத்தம் தலைநகரில் தொடர்ந்தன. மைசூர் உடையார்கள் 1610இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் தசராவைத் தொடங்கினர். ராமநாதபுரம் சேதுபதிகளும் நவராத்திரியைத் தம் அரச விழாவாக்கினர். கொங்கு நாடு மதுரை நாயக்கர் ஆட்சியிலும், பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் 1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்தது வரை மைசூர் ஆட்சியிலும் இருந்தது. மைசூர்ப் பகுதி வீடுகளில் தசராவின்போது அரசன், அரசி உருவங்களான பட்டத்துப் பொம்மைகளை நடுவில் வைத்துப் படி அடுக்கும் பொம்மை விழா உண்டு. தமிழ்நாட்டில் அதற்கு இணையானது கொலு.

கோயம்புத்தூரில் கொலு நெடுங்காலம் அக்கிரகாரங்களிலும் வணிகர் வீடுகளிலும் நடந்தது. 1888இல் தொடங்கிய கோயம்புத்தூர் நூற்பு நெசவு ஆலையும், 1932இல் வந்த பைகாரா மின்சாரத்தை ஒட்டிப் பெருகிய பஞ்சாலைகளும் நகரத்தின் முகத்தை மாற்றின. தஞ்சை, மதுரை, பாலக்காடு, ஆந்திரம், கர்நாடகம் எனப் பல பகுதிகளிலிருந்து அலுவலர், ஆசிரியர், கணக்கர் குடும்பங்கள் குடியேறின. அவரவர் பெட்டியில் அவரவர் ஊர்ப் பொம்மையும் வந்தது. செஞ்சந்தன மரத்தில் கடைந்த மரப்பாச்சித் தம்பதி, தஞ்சாவூர்த் தலையாட்டி, பண்ருட்டி மண் பொம்மை, மதுரை விளாச்சேரிப் பொம்மை, கொண்டப்பள்ளி மரப் பொம்மை ஆகியவை ஒரே படியில் நின்றன. உருவாரம் உழவரின் வழக்கம், கொலு நகரத்தாரின் வழக்கம் என்று இருந்த பிரிவும் பின்னாளில் தளர்ந்தது. இன்று பள்ளிகளும் கோயில்களும் அலுவலகங்களும் கொலு வைக்கின்றன.

தமிழ்நாடு அரசு 1973இல் நிறுவிய கைத்திறத் தொழில்கள் வளர்ச்சிக் கழகம், பூம்புகார் என்ற பெயரில் விற்பனை நிலையங்களை நடத்துகிறது. நவராத்திரிக்கு முன்பு கோவை டவுன்ஹால் பகுதியில் உள்ள அதன் நிலையத்தில் நடக்கும் கொலுப் பொம்மைக் கண்காட்சிக்குப் பல மாநிலப் பொம்மைகள் வருகின்றன.

அச்சில் பிறக்கும் பொம்மை

உருவாரம் ஒவ்வொன்றும் கையால் பிடித்தது. கொலுப் பொம்மை அச்சில் வார்த்தது. முதலில் ஒரு மூல உருவத்தைக் களிமண்ணில் செய்து, அதன்மேல் முன்பாதி, பின்பாதி என இரண்டு அச்சு எடுப்பார்கள். முன்பு சுட்ட மண்ணில் அச்சு செய்தார்கள். பிறகு பாரிஸ் சாந்து வந்தது. இப்போது ரப்பர் அச்சும் உண்டு. மண் பொம்மையானால் களிமண் தகட்டை இரண்டு பாதிகளிலும் அழுத்தி, விளிம்பில் மண் குழம்பு தடவிச் சேர்த்து, இணைப்பைத் தேய்த்து மழுக்கிச் சுடுவார்கள். காகிதக்கூழ் பொம்மையானால் ஊறவைத்து அரைத்த காகிதத்தோடு வெள்ளைத் தூளும் பசையும் கலந்து அச்சில் பரப்பி வெயிலில் உலர்த்துவார்கள். இதற்குச் சூளை வேண்டாம், எடை குறைவு, கீழே விழுந்தால் எளிதில் உடையாது. பாரிஸ் சாந்துப் பொம்மை விரைவில் இறுகும், விளிம்புகள் கூராக வரும்; ஆனால் எளிதில் சில்லு பெயரும்.

அச்சு ஒன்றானால் உருவமும் ஒன்றே. ஒரே அச்சில் பிறந்த நூறு பொம்மைகளை வேறுபடுத்துவது வண்ணம். புடவையின் நிறம், சரிகைக் கோடு, நெற்றிக்குறி, கண்ணின் பார்வை ஆகியவற்றால்தான் ஒன்று விலை உயர்ந்ததும் மற்றொன்று மலிந்ததும் ஆகிறது. பொம்மைத் தொழில் நடக்கும் ஊர்களில் அடிவண்ணம் ஒருவரும், உடையும் நகையும் வேறொருவரும், முகத்தைத் தேர்ந்த கையுடையவரும் எழுதுவது வேலைப் பங்கீடு.

வீட்டில் வண்ணமிடுதல்

ஆண்டுக்கு ஒரு புதுப் பொம்மையாவது வாங்க வேண்டும் என்பது கொலு வைப்போர் வழக்கம். அதனால் இரண்டு மூன்று தலைமுறை கண்ட வீட்டில் பழைய பொம்மைகள் நூற்றுக்கணக்கில் சேர்ந்துவிடும். பரணில் கிடந்த பெட்டியைத் திறந்தால் சில பொம்மைகள் நிறம் உதிர்ந்தும், சில விரல் ஒடிந்தும் இருக்கும். இவற்றைச் சீர்செய்யும் பணி, நவராத்திரிக்கு முன்வரும் மகாளய அமாவாசைக்கு முந்தைய வாரங்களில் நடக்கும். முன்பு குயவரோ ஓவியரோ வீடு தேடி வந்து செய்த இவ்வேலையை வீட்டுப் பெண்கள் தாமே கற்றுக்கொண்டார்கள். குழந்தைகளும் அவர்களோடு சேர்ந்தார்கள். அது பிறகு தன்னளவில் ஒரு பொழுதுபோக்காயிற்று.

முதல் வேலை தூசி எடுப்பது. பசையில் கலந்த தூள் வண்ணம் பூசிய பழைய பொம்மையை ஈரத் துணியால் துடைத்தால் நிறமே கையோடு வந்துவிடும் என்பதால் உலர்ந்த தூரிகையால்தான் தட்டவேண்டும். விரிசலுக்குக் காகிதக்கூழும் வெள்ளைத் தூளும் ஃபெவிகாலும் குழைத்த சாந்தை அடைப்பார்கள். ஒடிந்த விரலுக்கும் வில்லுக்கும் வேலுக்கும் மெல்லிய கம்பியை நட்டு, அதன்மேல் எம்-சீல் போன்ற இரட்டைக் கலவை மக்கை உருட்டி வைத்து, இறுகுமுன் ஈர விரலால் வடிவம் கொடுப்பார்கள். இறுகியதும் உப்புத்தாளால் தேய்ப்பார்கள். பின்பு முழுதும் வெள்ளை அடிப்பு. சுண்ணாம்பின் இடத்தில் இப்போது அக்ரிலிக் வெள்ளை வந்திருக்கிறது. வெள்ளைத் தளத்தில் நிறம் எடுப்பாகத் தெரியும் என்று குயவர் கண்டறிந்த அதே காரணம்தான்.

பூசும் வரிசையும் ஏறக்குறைய எல்லா இடத்திலும் ஒன்றே. உடல் நிறம் முதலில், அடுத்து உடை, அதன்மேல் கரையும் பூவேலையும், பிறகு நகைக்குப் பொன்வண்ணம், தலைமுடி, கடைசியில் முகம். கண்ணில் வெண்விழி, மேல் இமைக் கோடு, கண்மணி என்று படிப்படியாகச் செல்வார்கள். ஒரு கண்ணை முடித்துவிட்டு மறு கண்ணுக்குப் போகாமல், இரண்டுக்கும் ஒவ்வொரு படியையும் சேர்த்தே முடிப்பார்கள். இல்லாவிட்டால் பார்வை கோணிப்போகும். நிறம் காய்ந்தபின் வார்னிஷ். பளபளப்பு மிகுந்தால் முகத்தின் நுண்கோடுகள் மறையும் என்பதால் மங்கல் வார்னிஷை விரும்புவோரும் உண்டு.

நிறத்துக்குச் சில கட்டுப்பாடுகள் உண்டு. கண்ணன் நீலம், ராமன் பச்சை அல்லது நீலம், லட்சுமணன் பொன்னிறம், காளி கருமை என்பவை பொதுவாகப் பின்பற்றப்படுபவை. இவற்றை மாற்றினால் யார் என்பதே குழம்பும். மனிதப் பொம்மைகளுக்கு அந்தக் கட்டு இல்லை; செட்டியார் வேட்டியின் கரையும் குறத்தியின் பாவாடையும் வண்ணமிடுவோர் விருப்பம்.

மாற்றியமைத்தல்

பழைய பொம்மையை வேறொன்றாக்கும் வேலைக்கும் கொலு நிறைய இடம் தந்தது. மரப்பாச்சிக்குப் பட்டுத்துணியும் மணியும் காகிதமும் கொண்டு மணமகன், மணமகள், நாட்டியப்பெண், ராஜா, ராணி என்று வேடம் மாற்றுவது இதன் பழைய வடிவம். மரத்தில் கை வைக்காமல் உடையால் மட்டும் ஆளை மாற்றிவிடலாம்.

மண், காகிதக்கூழ் பொம்மைகளில் மாற்றம் ஆழமாகச் செல்லும். தமிழ்ச் சிற்ப மரபில் உருவங்களைக் கையில் உள்ள பொருளும் கொண்டையும் ஊர்தியுமே அடையாளம் காட்டுகின்றன. நிற்கும் பெண் பொம்மையின் இடக்கையில் கிளியை வைத்து, தலையின் பக்கவாட்டில் கொண்டையைச் சேர்த்தால் ஆண்டாள். கிளி வலக்கைக்கு வந்து தலையில் மகுடம் ஏறினால் மீனாட்சி. பின்னமான தெய்வப் பொம்மையைப் படியில் வைப்பதில்லை. ஆனால் மனிதப் பொம்மையின் கை போனால் அதற்கு வேறொரு வேலை கிடைக்கும்: தோளில் மூட்டை ஏற்றினால் சுமைக்காரர், முண்டாசு கட்டிவிட்டால் சந்தைக்கு வந்த குடியானவர். திருமண செட்டில் ஆள் குறைந்தால் பள்ளிக்கூட செட்டிலிருந்து ஒருவரை எடுத்து உடை மாற்றுவதும் நடக்கும்.

படிக்குக் கீழே தரையில் அமைக்கும் பூங்காவும் ஊரும் இப்பொழுதுபோக்கின் பெரிய களம். மணலில் கடுகும் கேழ்வரகும் தெளித்துப் பயிர் முளைக்கவைத்து வயலாக்குவார்கள்; கண்ணாடித் துண்டு குளமாகும்; சாக்குத்துணியைச் சுண்ணாம்பில் தோய்த்து மடித்தால் மலையாகும். கொங்கு நாட்டு வீடுகளில் அந்த மலைமேல் படிவரிசை அமைத்து உச்சியில் முருகனை நிறுத்தினால் அது மருதமலையோ பழனியோ ஆகிவிடும். ஏர் ஓட்டும் உழவர், கவலைக் கிணறு, மாட்டுவண்டி, வாரச்சந்தை ஆகியவை இவ்வட்டாரக் கொலுக்களில் விரும்பி அமைக்கப்படும் காட்சிகள். சந்தைக்கு வேண்டிய காளைகள் சில வீடுகளில் உருவாரம் விற்கும் குயவரிடமிருந்தே வருகின்றன. அங்கே இரண்டு வழக்கங்களும் ஒரே தரையில் சந்திக்கின்றன.

பிற நாட்டு ஒப்புமைகள்

சிறு உருவங்களுக்கு வண்ணமிடும் பழக்கம் வேறு நாடுகளில் வேறு தேவைகளிலிருந்து பிறந்தது. பதினெட்டாம் நூற்றாண்டு ஜெர்மனியின் நூரம்பர்க்கில் தட்டையான வெள்ளீயப் படைவீரர்களை வார்த்து வண்ணம் பூசி விற்றார்கள். லண்டனில் வில்லியம் பிரிட்டன் நிறுவனம் 1893இல் உள்ளீடற்ற ஈய வார்ப்பைக் கொண்டுவந்து விலையைக் குறைத்தது. எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸ் 1913இல் அத்தகைய பொம்மைகளை வைத்து ஆடும் போர் விளையாட்டுக்கு விதிநூல் எழுதினார். 1983இல் இங்கிலாந்தில் வெளிவந்த வார்ஹாமர் விளையாட்டு இதை உலகளாவிய பொழுதுபோக்காக்கியது. அவ்விளையாட்டில் பொம்மை வண்ணமின்றிப் பகுதி பகுதியாக வரும். வாங்கியவரே ஒட்டி, வெட்டி, மாற்றி, பூசிக்கொள்ள வேண்டும்.

சமய விழாவோடு இணைந்தவையும் உண்டு. இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரத்தில் பதினெட்டாம் நூற்றாண்டில் இயேசு பிறப்புக் குடிலைச் சுற்றி மீன்காரரும் ரொட்டிக்காரரும் நிறைந்த முழு ஊரையே அமைத்தார்கள். ஜப்பானில் மார்ச் 3 அன்று பெண் குழந்தைகளுக்காகச் சிவப்புத் துணி விரித்த படிகளில் பேரரசர், பேரரசி, பரிவாரம் எனப் பொம்மைகளை அடுக்குகிறார்கள். படி அமைப்பில் கொலு ஜப்பானிய விழாவை ஒத்தது. ஆனால் அங்கே எந்தப் படியில் எந்தப் பொம்மை என்பது பெரும்பாலும் வரையறுக்கப்பட்டது. கொலுவில் மேற்படிக்கு மட்டுமே அந்த ஒழுங்கு. கீழ்ப்படிகளும் தரையும் வைப்பவர் கற்பனைக்கு உரியவை. இந்த வகையில் கொலு நேப்பிள்ஸ் குடிலோடு நெருங்குகிறது. வண்ணமிடலும் மாற்றியமைத்தலும் வீட்டு வேலையிலிருந்து பொழுதுபோக்காக வளர அந்தத் திறந்த இடமே வழிவிட்டது.

இன்றைய நிலை

உருவாரத் தொழிலின் முதல் சிக்கல் மண். நொய்யல் குளங்கள் பல நகருக்குள் அகப்பட்டுவிட்டன. மற்ற இடங்களில் மண் எடுக்க அனுமதி வேண்டும். தமிழ்நாட்டின் 1959ஆம் ஆண்டுச் சிறு கனிமச் சலுகை விதிகள் குயவர்கள் மண்பாண்டத்துக்குக் களிமண் எடுக்கச் சலுகை தருகின்றன. அனுமதி பெறும் நடைமுறையைக் கடந்துதான் அச்சலுகை கைக்கு வரும். மார்கழி மழை நீண்டால் உலர்த்தவும் சுடவும் முடியாது. விற்பனையோ பொங்கலை ஒட்டிய சில நாட்களில் முடிந்துவிடும். டிராக்டரும் மின்மோட்டாரும் வந்தபின் உழவு மாடும் கவலையும் அருகின. ஆனால் பால் மாடு பெருகியது. அதனால் உருவாரத்தில் காளையைவிடப் பசுவும் கன்றும் இன்று கூடுதல் தேவை பெற்றுள்ளன.

பொம்மைத் தொழிலில் பாரிஸ் சாந்தின் வரவு விலையைக் குறைத்தது. குயவரின் பங்கையும் குறைத்தது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020 மே மாதம் வெளியிட்ட திருத்திய வழிகாட்டுதல்கள், நீரில் கரைக்கும் சிலைகளைப் பாரிஸ் சாந்தில் செய்யக் கூடாது என்கின்றன. களிமண்ணும் நச்சற்ற இயற்கை வண்ணமும் பயன்படுத்தச் சொல்கின்றன. இது பிள்ளையார் சிலை செய்யும் குயவருக்குச் சாதகமானது. கொலுப் பொம்மை கரைக்கப்படுவதில்லை. ஆகவே அதில் சாந்தும் காகிதக்கூழும் மண்ணும் தொடர்ந்து போட்டியிடுகின்றன.

வண்ணம் பூசாத வெள்ளைப் பொம்மையை வாங்கித் தாமே தீட்டிக்கொள்வோர் இப்போது பெருகியுள்ளனர். மண் பொம்மை செய்யவும் வண்ணமிடவும் கற்றுத்தரும் பயிற்சி வகுப்புகளும் நடக்கின்றன. இந்த மாற்றத்தில் வேலைப் பங்கீடு புதிதாக அமைகிறது: வடிவமும் அச்சும் தொழிலாளருக்கு, நிறமும் மாற்றமும் வாங்குபவருக்கு. உருவாரத்தில் வனைவதும் சுடுவதும் பூசுவதும் இன்னும் குயவர் குடும்பத்தின் ஒரே தொடர் வேலையாகவே நீடிக்கின்றன.